கொடி கட்டிய வீட்டுக்கு மட்டும்

சங்கத்துக்குப் பெட்டி வந்த நாளிலிருந்து மேல் டிவிசனில் ஒருவரும் சாகவில்லை. தலைவர் சுந்தரலிங்கத்துக்கு இது பெரிய மனவருத்தம்.

பெட்டி என்றதும் பிணப்பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. ஒரு வயர் கரண்டுக்குப் போகும், இன்னொரு வயர் டீவிக்குப் போகும். கம்ப்யூட்டரில் தெரிகிற படத்தை வயரே இல்லாமல் வாங்கி டீவியில் பெரிதாகக் காட்டும். கம்ப்யூட்டர் ஒரு பக்கம் இருக்கலாம், டீவி இன்னொரு பக்கம் இருக்கலாம். அதுதான் அதன் விசேஷம் என்று மாத்தளை டவுனில் அதை விற்ற அஸ்ஹர் நானா சொல்லி அனுப்பியிருந்தார்.

றத்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருந்தது. அதற்கு முந்திய ஒரு சாவில், லெபனானுக்கு வேலைக்குப் போன மகள் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனில் கதறியது லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, இனி நம் டிவிசனில் எந்தப் பிள்ளையும் முகம் பார்க்காமல் அழக் கூடாது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சந்தா கூடியது. கம்ப்யூட்டர் வந்தது, பெட்டி வந்தது. பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, ரிப்பன் வெட்டி, சங்க மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அலுமாரிக் கதவில் ‘மரண வீட்டுக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள்.

அத்தோடு சாவு நின்றுபோனது.

மாதக் கூட்டம் மாதா மாதம் வந்து போனது. தலைவர் பொறுத்துப் பார்த்தார். அவர் இளைப்பாறிய கணக்கப்பிள்ளை. ஆளைத் திரட்டி வேலை வாங்கியே பழகியவர்.

“கீழ் டிவிசனப் பாருங்க,” என்றார் ஒரு கூட்டத்தில். “அவங்ககிட்ட ஒரு ஓட்டக் கூடாரந்தான் இருக்கு. இருந்தும் மாசம் ஒரு மரணம் நடக்குது. நம்மகிட்ட எல்லா வசதியும் இருக்கு. உறுப்பினரோட ஒத்துழைப்புத்தான் இல்ல.”

உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு இருமல் வந்தவர்கள் எல்லாம் வெளியே போய் இருமிவிட்டு வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் பாப்பம்மாவும் இருந்தாள். அவளுடைய புருஷன் வீரமலைக்குச் சீனி வருத்தம். முதலில் கண்ணைக் கொண்டுபோனது, பிறகு கிட்னிக்கு வந்தது. டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் சிங்களத்தில் அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், இனி அவர் ஆசைப்படுகிறதைக் கொடுங்கள் என்று. வீட்டுக்கு வந்து என்ன வேணும் என்று கேட்டாள். கோழிக்கறி என்பார் என்று நினைத்து, சட்டியைக் கழுவ எழுந்தும் விட்டாள்.

“பயல் மொகத்தப் பாக்கணும்,” என்றார் வீரமலை.

பயல் என்பது துஷாந்த். கட்டாருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் காட்டிப் பேசுவான். பாப்பம்மா போனை வீரமலையின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். தெரியுதா என்று மகன் அங்கிருந்து கேட்பான், தெரியுதா என்று இவள் இங்கிருந்து கேட்பாள்.

“வெளிச்சமா இருக்குடி,” என்பார் அவர். அவ்வளவுதான் அவருக்குத் தெரிவது.

ஆனால் டீவி தெரியும். முழங்கால் டீவி மேசையில் முட்டுகிற மாதிரி முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டால், பெரிதாக வருகிற முகம் அவருக்குப் பிடிபடும். செய்தி வாசிக்கிற பிள்ளை மூக்குத்தி போட்டிருக்கிறது என்பதைக்கூட அப்படித்தான் கண்டுபிடித்தார். இதைக் கேட்ட துஷாந்த்தான் வழி சொன்னான்: சங்கத்துப் பெட்டியை ஒரு நாளைக்குக் கேளுங்கம்மா, நான் கம்ப்யூட்டர்ல வாறேன், அப்பா டீவியில பாக்கட்டும் என்று.

பாப்பம்மாவும் அந்தப் பெட்டிக்குச் சந்தா கட்டியவள்தான். தலைவர் வீட்டுக்குப் போனாள். அவளைக் கண்டதும் தலைவரின் முகம் மலர்ந்தது. தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

“வாங்க பாப்பம்மா. எப்ப நடந்துச்சு?”

“என்னாங்க ஐயா?”

“வீரமலையண்ணன்.”

“வீட்ல இருக்காருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்காரு.”

தலைவர் சால்வையை எடுத்து மடித்து வைத்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டம் சட்டந்தான் என்றார். பெட்டி மரண வீட்டுக்கு மட்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கினால் பிறகு சாகிறவர்களுக்கு என்ன மரியாதை? அப்படியானால் அவரை நாலு பேர் பிடித்து மண்டபத்துக்கே தூக்கி வரட்டுமா என்று கேட்டாள்.

“வந்த எடத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா மண்டபமே மரண வீடாயிரும்,” என்றார் தலைவர். “அப்புறம் சங்கம் யாருக்கு உதவி செய்யிறது, தனக்கேவா?”

அவள் திரும்பி வந்தாள்.

ஆனாலும் தலைவருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு செயலாளர் நிமலனையும் கூட்டிக்கொண்டு நிலைமையைப் பார்வையிட வந்தார். நிமலன் பஸ் திரும்புகிற இடத்தில் போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கடை வைத்திருக்கிற பொடியன். கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அவன் கையில். இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கால் வீக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரித்தார்கள். சாப்பாடு இறங்குகிறது என்று பாப்பம்மா சொன்னது அவர்களுக்கு அவ்வளவு ரசிக்கவில்லை.

வீரமலை குரல் வந்த பக்கம் திரும்பினார். “நான் செத்த பொறகு பெட்டி வந்தா, நான் எப்பிடிங்க பாக்கிறது?”

“அண்ணே, நீங்க உறுப்பினரு,” என்றார் தலைவர் மரியாதையாக. “உறுப்பினரோட கடமை சந்தா கட்டுறது, அப்புறம் சாகுறது. பாக்கிறது உறவுக்காரங்களோட உரிமை.”

வெளியே வந்து செருப்பைப் போடும்போது நிமலன் ஒரு கேள்வி கேட்டான். ஒரு வீடு மரண வீடு என்று சங்கத்துக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக் கொடியை வைத்துத்தானே? சந்தா கட்டாத ஒருவர் முன்பு செத்தபோது சங்கம் கொடி கட்டவில்லை. கொடி கட்டாததால் யாரும் போகவில்லை. யாரும் போகாததால் சங்கத்தின் கணக்குப்படி அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அப்படிப் பார்த்தால், கொடி கட்டாத வீட்டில் செத்தாலும் சாவு இல்லை. கொடி கட்டிய வீட்டில் சாகாவிட்டாலும்…

தலைவர் ஒற்றைச் செருப்போடு நின்று அவனைப் பார்த்தார். பிறகு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. வீரமலை அவர்களின் இல்லத்தை, அன்னாரின் முழு ஒத்துழைப்புடன், மரண வீடாக ஏற்றுக்கொள்வது என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஒரேயொரு ஆள் எழுந்து, கொடி கட்டிய பிறகும் அவர் சாகாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

“அது அவரோட சொந்த விசயம். அதுல சங்கம் தலையிடாது,” என்றார் தலைவர்.

பாப்பம்மாவிடம் சம்மதம் கேட்டார்கள். கொடி என்றால் துணிதானே என்று நினைத்துக்கொண்டு அவள் தலையாட்டினாள். மகனுக்கு, வெள்ளிக்கிழமை பெட்டி வருது, அப்பா ஒன்னையப் பாப்பாரு என்று மட்டும் சொன்னாள். கொடியைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கொடி தனியாக வராது என்பது வெள்ளிக்கிழமை காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது. கொடி போகிற வீட்டுக்குக் கூடாரம் போக வேண்டும். கூடாரம் போனால் நாற்காலி போக வேண்டும். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் பெரிய கேத்தல் போக வேண்டும். எல்லாம் ஒரே தொகுதி, பிரித்துக் கொடுக்க முடியாது. பஸ் திரும்புகிற இடத்திலிருந்து லயம் வரைக்கும் கயிறு கட்டி வெள்ளைக் கொடி தொங்கவிட்டார்கள். கொடியைக் கண்டு தப்படிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஆள் இருக்கிறார், கொஞ்சம் மெதுவாக அடியுங்கள் என்று பாப்பம்மா கெஞ்சிப் பார்த்தாள். மெதுவா அடிக்க இது என்னா ரேடியோவா என்று கேட்டுவிட்டு அவர்கள் தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டினார்கள்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். கண்ணீர் அஞ்சலி என்று மேலே. நடுவில் வீரமலையின் படம். பிறந்த திகதி போட்டிருந்தது. இறந்த திகதிக்கு நேரே வெறும் கோடு.

“எடம் விட்டிருக்கோம்,” என்றார் தலைவர். “அது ஒங்க சௌகரியம். சங்கம் அவசரப்படுத்தாது.”

கக்கூசுக்குப் போகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது வீரமலை அந்தப் பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார். கண் தெரியாமல் போன பிறகு அவர் இவ்வளவு பெரிய முகத்தைப் பார்த்ததில்லை.

“இது யாருடி? எங்கப்பா மாதிரி இருக்கு.”

“நீங்கதாங்க.”

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரொம்பக் கெழடு தட்டிப் போச்சு,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மத்தியானத்துக்குள் கொடியின் செய்தி உக்குவெலை வரைக்கும் போய்விட்டது. வீரமலையின் தங்கச்சி நல்லம்மா அங்கேதான் கட்டிக் கொடுக்கப்பட்டவள். கீழ் வளைவிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, மாரில் அடித்துக்கொண்டே படியேறி வந்து, உள்ளே பாய்ந்து, முக்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மடியில் விழுந்தாள். அவர் அவள் தலையைத் தடவிப் பார்த்து, நல்லம்மாவா, தேத்தண்ணி குடி புள்ள என்றார்.

நல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். “பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி வாறேன். நீ குந்திக்கிட்டு பிஸ்கட்டா திங்கிற?”

அவளுக்கு வந்த கோபத்தில் திரும்பிப் போயிருப்பாள். ஆனால் வெளியே பெண்கள் கைகோத்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். சொந்தத் தங்கச்சி இல்லாமல் எப்படி? அவளும் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். வந்ததற்கு.

நிமலன் பெட்டியைக் கொண்டு வந்து டீவியில் மாட்டினான். முதலில் ஒன்றும் வரவில்லை. ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் நீலமாக வந்தது. அப்புறம், ரிப்பன் வெட்டிய அன்றைக்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்த தலைவரின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீரமலை கிட்டப் போய்ப் பார்த்து, பயல் ரொம்பத் தடிச்சுட்டான் என்றார். இல்லைங்க, அது தலைவர் என்றாள் பாப்பம்மா.

கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் கொஞ்சம் பேச்சு வந்தது. டீவிக்குப் பக்கத்திலேயே வைத்தால் மகனும் அப்பாவைப் பார்ப்பான் என்று பாப்பம்மா சொன்னாள். தலைவர் சிரித்தார். அப்படி வைப்பதற்கு இந்தப் பெட்டி எதற்கு? கம்ப்யூட்டர் வெளியே கூடாரத்தில், பேச்சாளருக்கு முன்னால். டீவி உள்ளே, குடும்பத்தாருக்கு முன்னால். நடுவில் வயரே இல்லை. இதற்காகத்தானே சங்கம் இவ்வளவு பாடுபட்டது?

அப்படியே வைத்தார்கள். நிமலன் கம்ப்யூட்டரில் கட்டாருக்கு எடுத்தான்.

உள்ளே டீவி நிறைய துஷாந்தின் முகம் வந்தது. வேலை உடுப்போடு, காதில் வயர் மாட்டிக்கொண்டு, எதையோ தேடுகிற மாதிரி பார்த்தான். வீரமலையின் முழங்கால் மேசையில் முட்டியது.

“மீச வச்சிருக்கான்டி,” என்றார். அவர் கை தானாக எழுந்து டீவிக் கண்ணாடியைத் தொட்டது. “பாரு, மீச வச்சிருக்கான்.”

பாப்பம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வெளியே தலைவர் மைக்கைப் பிடித்து, எல்லாரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொண்டார். தப்பு நின்றது. வீரமலைக்கும் அது கேட்டது. யாருக்கு என்று தெரியாவிட்டாலும், மரியாதைக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தலையைக் குனிந்தார்.

பிறகு தலைவர் மடித்து வைத்திருந்த பேச்சை எடுத்தார். பெட்டி வந்த அன்றே எழுதி வைத்த பேச்சு. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

“கட்டார் நாட்டில் தொழில் புரியும் அன்புத் தம்பி துஷாந்த் அவர்களே! உங்கள் தந்தையார் அமரர் வீரமலை அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் அன்னாரின் பிரிவைப் பெரிய திரையில் காணும் வாய்ப்பை நமது சங்கம் உங்களுக்கு வழங்கியிருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே முதன்முறையாக…”

துஷாந்துக்கு அங்கே தெரிந்தது கூடாரம், வெள்ளைக் கொடி, அழுகிற அத்தை, அப்பாவின் படம் போட்ட பேனர். டீவியில் அவன் வாய் முதலில் திறந்தது. பிறகு கோணியது.

பாப்பம்மா வெளியே ஓடினாள். நாற்காலி வரிசையில் இடித்துக்கொண்டு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு, அப்பா உள்ள இருக்காருப்பா, உசிரோட இருக்காரு என்று கத்தினாள். சாவு வீட்டில் பெண்சாதி இப்படித்தான் சொல்லுவாள் என்று இரண்டு பெண்கள் அவளை அன்பாகப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் மைக்கை மூடிக்கொண்டு குனிந்து சொன்னார்:

“குடும்பத்தாரு பேச நேரம் இருக்கு பாப்பம்மா. கடைசியில போட்டிருக்கு. நன்றியுரைக்குப் பொறகு.”

நன்றியுரை முடியும்போது கம்ப்யூட்டரில் துஷாந்த் இல்லை. அங்கே ஏதோ ஒரு அறையின் கூரையும், சுற்றுகிற ஃபேனும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

பாப்பம்மா உள்ளே வந்தாள். வீரமலை துண்டின் நுனியால் டீவிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழாதடா,” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “யாரு செத்தாலும் நான் இருக்கேன்ல.”

சாயந்தரம் கூடாரத்தைப் பிரித்தார்கள். மரண வீட்டுச் சாமான் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் மண்டபத்துக்குள் வரக் கூடாது. நாற்காலிக்குத் தெளித்தார்கள், கேத்தலுக்குத் தெளித்தார்கள், பெட்டிக்கும் ஒரு கை தெளித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பேனரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அது குடும்பத்துக்குச் சொந்தம்.

மகனைப் போனில் பிடிக்க அடுத்த நாளாகிவிட்டது. அப்பா இருக்கிறார் என்றால் அவன் நம்பவில்லை. அம்மாவுக்குத் தலை கலங்கிவிட்டது என்று நினைத்து, அத்தையைக் கூப்பிடுங்க என்று கெஞ்சினான். வீரமலையே போனை வாங்கி, அந்த மீசைய எடுத்துருடா, நல்லால்ல என்று சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது.

சங்கத்தின் ஆண்டு அறிக்கையில் பெட்டியின் முதலாவது மரணம் வெற்றிகரமாக நடந்தேறியதாகத் தலைவர் வாசித்தார். கைதட்டல் கேட்டது.

வீரமலை அதற்குப் பிறகும் சில மாதம் இருந்தார். அழும்போது அவனுக்கு எங்கம்மா மாதிரியே வாய் கோணுது என்று அடிக்கடி சொல்லுவார். ஒரு நாள், அழுத மொகத்தப் பாத்தாச்சு, சிரிச்ச மொகம் ஒருக்காப் பாத்தாப் போதும் என்றார். பாப்பம்மா சரி என்றாள். ஆனால் சங்கத்திடம் கேட்கப் போகவில்லை. கேட்டால் கொடி வரும்.

மழை பிடித்து, றத்தோட்டை ரோட்டில் மண் சரிந்திருந்த நாளில், விடியப் புறம் அவர் போனார். பாப்பம்மா கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். எப்ப நடந்துச்சு என்று அவர் கேட்டால், இந்த முறை அவளிடம் பதில் இருந்தது.

“ஐயா, அவரு போயிட்டாருங்க. பெட்டியும் கொடியும் வேணும். மகன் மொகம் பாக்கணும்.”

தலைவர் சால்வையை எடுக்கவில்லை.

“மறுபடியுமா?” என்றார்.

அவர் கோபப்படவில்லை. எடுத்துச் சொன்னார். ஒரு உறுப்பினருக்கு ஒரு மரணம். வீரமலையண்ணனுக்குச் சங்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. கூடாரம், தப்பு, பேனர், மௌன அஞ்சலி எல்லாம் நடந்தது. அண்ணனே எழுந்து நின்றாரே. ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவை கொடுத்தால், ஒரு தடவைகூடச் சாகாமல் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சங்கம் என்ன பதில் சொல்வது? அடுத்த கூட்டத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

“அது வரைக்கும் அவர எப்பிடிங்க வச்சிருக்கிறது?”

தலைவர் யோசித்தார். அதற்குச் சங்கத்தில் ஏற்பாடு இல்லை என்றார்.

கொடி இல்லாததால் தப்பு வரவில்லை. தப்பு கேட்காததால் பக்கத்து லயத்திலிருந்தும் ஆள் வரவில்லை. நல்லம்மாவுக்குப் போன் பண்ணினாள். போன தடவையும் இப்பிடித்தான் சொன்னீங்க அண்ணி, கொடி கட்டட்டும் வாறேன் என்று அவள் வைத்துவிட்டாள். பாப்பம்மா கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த பேனரை எடுத்து வாசலில் கட்டினாள். கோட்டுக்கு நேரே திகதி எழுத வீட்டில் பேனை இல்லை. மழையில் எழுதினாலும் நிற்காது.

அன்று வெள்ளிக்கிழமை. துஷாந்த் வழக்கம்போலப் போனில் வந்தான். மீசையை எடுத்திருந்தான். அவள் சொன்னாள். “நெசமாவாம்மா?” என்று அவன் கேட்டான்.

“நெசந்தாம்பா.”

“காட்டுங்க.”

அவள் போனைத் திருப்பி, எந்த நாளும் பிடிக்கிற மாதிரி, வீரமலையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இருட்டா இருக்கும்மா, ஒண்ணும் தெரியல என்றான் அவன். இன்னும் கிட்டே கொண்டுபோனாள். போனின் வெளிச்சம் அவர் முகம் முழுக்க விழுந்தது.

தெரியுதா என்று அவள் கேட்டாள். மகனிடம் கேட்டாளா, அவரிடம் கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளிச்சமாக இருக்கிறது என்று அவர் சொல்லட்டும் என்று, கை வலிக்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.